எர்த்

சாவியைத் திருப்பினால் டக்.
அவ்வளவுதான்.
பின்னால் டிரெய்லரில் பதினெட்டு பார் ஐஸ்,
மணி மூன்றாக எட்டு நிமிஷம்,
காசிமேட்டில் லாஞ்சுகள் வந்து கட்டியாயிற்று.
மறுபடி திருப்பினேன். டக்.
உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போடுகிற மாதிரி.

“மோட்டாரு பூட்ச்சி” என்றான் லோடுமேன் தேசிங்கு.
“பேட்டரி” என்றான் டீ வாளி தூக்கி வந்தவன்.
ஐஸ் கம்பெனி ஜன்னலில் கனகவல்லி
பில் புக்கை மூடாமலே கத்தினாள்:
“உருகுறது என் ஐஸு. தள்ளுங்கய்யா!”

மூன்று வாரமாக இதே கூத்து.
ஆறு பேர் முதுகு கொடுக்க
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால்
ஒரு உதறு உதறி, கரும்புகை கக்கி, எழும்.
எழுந்ததை அப்புறம் அணைக்கிற தைரியம் எனக்கில்லை.
ஏலம் முடிகிறவரை சும்மா நின்று டீசல் குடிக்கும்.

கார்பன் பிரஷ் எழுநூறு.
ஆர்மேச்சர் கடைசல் ஆயிரத்து நானூறு.
புஷ், பெண்டிக்ஸ், சோலனாய்டு...
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்
என் பெண்டாட்டி விலையோடு ஒப்பிப்பாள்.

தண்டையார்பேட்டையிலிருந்து நூருல் அமீன்
லுங்கியோடு வந்தான், மொபெட்டில்.
ஸ்பேனரைத் தொடவில்லை.
“லைட்டப் போடு. இப்ப சாவியத் திருப்பு.”
ஹெட்லைட் செத்துப்போனது.
“பார்த்தியா, பேட்டரிதான்” என்றான் டீக்காரன்.

மீட்டரின் இரண்டு ஊசியையும்
பேட்டரித் தலையில் வைத்தான். “திருப்பு.”
பன்னிரண்டு. அசையவில்லை.
“இங்க சோறு ரெடியா கீது.
அங்க லைட்டு பட்டினி.
நடுவுல எவனோ துன்றான்.”

சிவப்பு ஒயர் பக்கம் பார்த்தான். சுத்தம்.
ஒரு ஊசி நெகட்டிவில், இன்னொன்று மோட்டார் உடம்பில்.
“பூஜ்யம் நிக்கணும். திருப்பு.”
டக்.
ஒன்பது.
சிரித்தான். சிரிப்பில் பாக்கு.
“எர்த் இல்ல நைனா.”

இவ்வளவு பெரிய வண்டி,
நாலு டயரும் தரையில்தான் நிற்கிறது,
எர்த் இல்லையாம்.

அவன் விரல் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனது
பேட்டரி பெட்டிக்கு அடியில், கியர்பாக்ஸ் ஓரம்,
ஒரு போல்ட்டில் போய் நின்றது.
டார்ச் அடித்தேன்.
நீலம். பளபளவென்று நீலம்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள்
ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி
உப்புக்காத்து தின்னக் கூடாது என்று
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
மூன்று கோட் அடித்தது நான்தான்.
காய்ந்ததும் ஒயரை அதே இடத்தில்,
பெயின்ட்டுக்கு மேலேயே,
இறுக்கி முறுக்கினதும் நான்தான்.
பொட்டு வைத்தேன் வேறு.

“கலரு சூப்பரா கீது” என்றான் நூருல் அமீன்.
கிண்டலா என்று தெரியவில்லை.
மீன் வெட்டுகிற கத்தி ஒன்றை வாங்கி
ரூபாய் அகலத்துக்குச் சுரண்டினான்.
நீலம் சுருள் சுருளாக விழுந்தது.
அடியில் இரும்பு, வாளை வயிறு மாதிரி வெள்ளை.
போல்ட்டை இறுக்கி கிரீஸ் தடவினான்.

சாவியைத் திருப்பினேன்.
டக் கேட்கவே இல்லை, அதற்குள் வண்டி கத்திவிட்டது.
டிரெய்லரில் முதுகு கொடுத்து நின்றிருந்த ஆறு பேரும்
என்ன செய்வதென்று தெரியாமல்
முதுகை எடுக்காமலே நின்றார்கள்.

இருநூறு கொடுத்தேன். நூறைத் திருப்பித் தந்தான்.
“பெயின்ட் செலவு உன்துதானே.”

ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி
வண்டியை அணைத்தேன்.
மூன்று வாரத்தில் முதல்முறை.
வஞ்சிரத்துக்கு விலை கூவுகிற குரல்,
ஐஸ் சொட்டுகிற சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டன.
தேசிங்கு தலையில் ஐஸோடு ஓடி வந்தான்:
“இன்னாத்துக்கு ஆஃப் பண்ண?
யோவ், இன்னாத்துக்கு ஆஃப் பண்ண?”